கொட்டகைப் பாப்பாவின் குரல்

புதுப் படம் வெளிவந்த முதல் வாரத்திலேயே கனகராஜுக்கு ஒன்று புரிந்துபோயிற்று. வேலை வெட்டி இல்லாதவர்கள் அத்தனை பேரும் சினிமா விமர்சகர்கள் ஆகிவிட்டார்கள். படம் பார்த்தவன் எழுதுகிறான், பாதியில் தூங்கினவன் எழுதுகிறான், டிரெய்லரை மட்டும் பார்த்தவன் எல்லாரையும்விட நீளமாக எழுதுகிறான்.

கனகராஜ் மலேசியாவில், ஜொகூர் பக்கம் உலு திராமில் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர். காலையில் ஷிப்டுக்குப் போகிற பெண்களை இறக்கிவிட்டால், திரும்ப அவர்கள் வெளியே வரும்வரை அவரைக் கேட்பார் இல்லை. நிழல் பார்த்து பஸ்ஸை நிறுத்தி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஜொகூர் சினிமா ரசிகர்களின் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்துவிடுவார். அறுபதைத் தாண்டிய மனுஷன், பரீட்சை முடிவு பார்க்கிற பையன் மாதிரி ஒவ்வொரு கருத்தாக விரலால் தள்ளித் தள்ளிப் படிப்பார்.

படத்தின் பெயர் 'கொட்டகைப் பாப்பா'. பழைய படத்துக்கும் அதே பெயர்தான். தொண்ணூறுகளில் இந்த ஊர் ஆட்கள் சொந்தக் காசைப் போட்டு வீடியோவில் எடுத்த பேய்ப்படம் அது. எஸ்டேட்டில் ரப்பர் பாலை நிறுத்து ஊற்றுகிற கொட்டகையில் ஒரு சின்னப் பிள்ளை செத்துப்போகும். பிறகு அது வீடு வீடாக வந்து கதவைத் தட்டித் தன் அம்மாவைத் தேடும். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தக் கேசட் ஓடாத தமிழ் வீடு அப்போது ஜொகூரில் இருந்திருக்காது. பொந்தியானிலிருந்து மெர்சிங்வரை பிள்ளைகள் இருட்டில் கக்கூசுக்குப் போகப் பயந்தார்கள். இப்போது கோலாலம்பூர்க்காரப் பையன் ஒருவன் அதையே புதுக் கேமரா, புது நடிகர்களோடு திரும்ப எடுத்திருக்கிறான்.

'பழசுதான் கெத்து. புதுசுல வெறும் சத்தம்தான்' என்று ஒருத்தர் எழுதியிருந்தார்.

'பழசா? அதுல பேய் சிலிப்பர் போட்டுக்கிட்டு வரும் லா! சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயித்து வலி' என்று கீழேயே பதில்.

'அலமாக்! ஜப்பான் சிலிப்பர் பேய்!'

அதோடு விட்டார்களா? பழைய படத்திலிருந்து அந்தக் காட்சியை எடுத்து, பேயின் காலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். அடியில் சிரிக்கிற முகங்கள் வரிசை கட்டி நின்றன.

அந்த நீல ரப்பர்ச் சிலிப்பரைப் பேயின் காலில் மாட்டிவிட்டவர் கனகராஜ்தான். பேய் அவருடைய மகள்.

ஷர்மினிக்கு அப்போது எட்டு வயது. முன்பல் இரண்டும் விழுந்து, அந்த ஓட்டை வழியாகவே ஊர்க்கதையெல்லாம் பேசுகிற வாயாடி. படத்தை எடுத்த தங்கராஜு கனகராஜின் கூட்டாளி. பேய் வேஷத்துக்குப் பிள்ளை கிடைக்காமல் தங்கராஜு அலைந்தபோது, கனகராஜ்தான் தன் மகளைக் கொண்டுபோய் நிறுத்தினார். மனைவி கஸ்தூரி அன்றைக்கே தலைபாடாய் அடித்துக்கொண்டாள். "பொம்பளப் பிள்ளைக்குப் பேய் வேஷமா? வேணாங்க. எனக்கு மனசு ஒப்பல." இவர்தான், "ரெண்டு நாள் கூத்து. உனக்கு எல்லாத்துக்கும் பயம்தான்" என்று சிரித்தார். படப்பிடிப்பு நடந்த கைவிட்ட எஸ்டேட்டில் தரையெல்லாம் முள்ளும் கண்ணாடித் துண்டும். பேய்க்குச் செருப்பு கிடையாது என்று தங்கராஜு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிள்ளை காலில் ஏதாவது குத்திவிட்டால் கஸ்தூரிக்கு யார் பதில் சொல்வது? மாட்டிவிட்டார். அது கேமராவில் விழுந்துவிட்டது.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஷர்மினிக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தூக்கிக்கொண்டு போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் திரும்பினார்கள்.

துக்கத்துக்கு வந்த ஒரு அம்மா சும்மா அழுதுவிட்டுப் போயிருக்கலாம். "பேய் வேஷம் கட்டின பிள்ளை, எப்படித் தங்கும்?" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனாள். கஸ்தூரி அதைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலமே அவரிடம் கேட்டாள்: "நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?" கஸ்தூரி கேசட்டை உடைத்து, நாடாவை உருவி, வீட்டுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினாள். அதற்குப் பிறகு சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தாள், ஒரே வீட்டில்தான் இருந்தாள். ஆனால் டிவியில் பேய்ப்படம் என்று பேச்சு வந்தால்கூட எழுந்து போய்விடுவாள். மகளின் போட்டோ சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. குரல் எங்கேயும் இல்லை. இணையத்தில் கிடந்த பழைய படத்தின் நகல், நகலுக்கு நகல் எடுத்துக் கெட்டுப்போனது. பாப்பா வாயைத் திறந்தால் மழை இரைச்சல்தான் கேட்கும்.

புதுப் படத்தைப் பார்க்க கனகராஜ் தனியாகத்தான் போனார். பஸ்ஸுக்கு டயர் மாற்ற வேண்டும் என்று வீட்டில் பொய் சொன்னார். மத்தியானக் காட்சி. அரங்கில் பத்துப் பேர்கூட இல்லை, இருந்தவர்களும் சோளப்பொரியில் குறியாக இருந்தார்கள். பேயை இந்த டைரக்டர் காட்டவே இல்லை. கதவு தட்டுகிற சத்தம் வந்தது, திரை கறுத்தது. அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அம்மா... பசிக்குதும்மா. கதவத் தொறங்கம்மா."

அந்த 'பசிக்குது' முன்பல் ஓட்டையில் காற்றுப் போய் விசிலோடு வந்தது. கனகராஜ் எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவன், "அங்கிள், உக்காருங்க, மறைக்குது" என்றான். உட்கார்ந்தார். படத்தில் அந்தக் குரல் நாலைந்து இடத்தில் வந்தது. மற்றவர்கள் ஒவ்வொரு தடவையும் பயந்து காலைத் தூக்கிக்கொண்டார்கள். இவர் மட்டும் அடுத்தது எப்போது வரும் என்று காத்திருந்தார். இத்தனை வருஷம் கழித்து அவருடைய பிள்ளை அவர் காதுக்குப் பக்கத்தில் பேசுகிறது. அந்தச் சந்தோஷத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, அழுதார்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. தங்கராஜு இறந்தபின் அவர் வீட்டு அலமாரியில் இருந்த மூல ஒலிநாடாவை டைரக்டர் வாங்கிச் சுத்தம் பண்ணி, பழைய படத்துக்கு மரியாதையாக அந்தக் குரலை மட்டும் அப்படியே வைத்திருந்தான். பேட்டியில் சொல்லியிருந்தான்.

முகம் இல்லை, பவுடர் பூச்சு இல்லை, குரல் மட்டும்தான். இதைக் கஸ்தூரி கேட்கலாமே என்று கனகராஜுக்கு ஆசை வந்தது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். அந்த இடைவெளியில்தான் அந்தக் கருத்து அவர் கண்ணில் பட்டது.

'அந்தக் குழந்தை குரல் சரியில்ல. கம்ப்யூட்டர்ல செஞ்சது போல. உயிரே இல்ல.'

யாரோ ஒரு பொடியன். விட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் எந்த அப்பனால் முடியும்? ஆயுளில் ஒரு கருத்தும் எழுதாத மனுஷன், பஸ்ஸுக்குள் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

'வணக்கம். அது கம்ப்யூட்டர் இல்லை. என் மகள் ஷர்மினி பேசியது. அப்போது அவளுக்கு எட்டு வயது. மறு வருடம் இறந்துவிட்டாள். நன்றாகப் பேசியிருக்கிறாள் என்றே நினைக்கிறேன். நன்றி.'

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. 'கெசியான் லா அங்கிள்' என்று இரக்கப்பட்டார்கள். கும்பிடுகிற கைகள் வந்தன. ஒரு பெண், 'பாப்பா குரல் இன்னும் காதுலயே இருக்கு அங்கிள்' என்று எழுதினாள். அந்த வரியைக் கனகராஜ் திரும்பத் திரும்பப் படித்தார்.

மறுநாள் காற்று மாறியது. வீடியோ போட்டுப் பிழைக்கிற ஒருவன், 'படத்தில் உண்மையான ஆவியின் குரல்!' என்று சிவப்பு அம்புக்குறியோடு கிளப்பிவிட்டான். அவ்வளவுதான். செத்த பிள்ளை குரலை வைத்தா படம் எடுப்பார்கள் என்றார்கள். அரங்கில் மல்லிகை வாசனை அடித்தது என்றார்கள். ஒரு தாய், படம் பார்த்த மகனுக்குக் காய்ச்சல் என்று, கோயிலில் அவன் கையில் மந்திரித்த கயிறு கட்டுவதைப் படம் பிடித்துப் போட்டாள். இன்னொருத்தி தன் பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டதைப் போட்டாள். 'அந்த ஆத்மா சாந்தியடையல, அதான் கூப்பிடுது' என்று ஒரு பெரியவர் தீர்ப்பே எழுதினார்.

கனகராஜ் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டார். 'ஐயா, அவள் பேய் இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை.' 'அம்மா, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.' யார் கேட்டார்கள்? படத்தில் நடிக்கத்தான் அவர் மகளைப் பேயாகக் கொண்டுபோய் நிறுத்தினார். இப்போது அவரே எழுதின நாலு வரியால் அவள் நிஜப் பேயாகிவிட்டாள். ஃபோனை அணைத்து டாஷ்போர்டுக்குள் போட்டு மூடினார்.

சிங்கப்பூரில் வேலை செய்கிற மைத்துனன் திருச்செல்வம் இதையெல்லாம் பார்த்துவிட்டு நேரே தன் அக்காவுக்கு ஃபோன் போட்டிருக்கிறான். கனகராஜ் வீட்டுக்கு வந்தபோது கஸ்தூரி சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"ஏங்க, தம்பி சொன்னது நிஜமா? அந்தப் படத்துல பாப்பா குரல் இருக்கா?"

அவர் தலையைக் குனிந்தார். திட்டு விழும் என்று நின்றார்.

"மொகம் வருதா?"

"இல்ல கஸ்தூரி. கொரல் மட்டும்தான்."

"எனக்கு அவ மொகம் ஞாபகம் இருக்குங்க. போட்டோ இருக்கு, பாத்துக்கறேன். கொரல் போயிருச்சு. எப்படிப் பேசுவான்னு எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன், வரமாட்டேங்குது. பெத்தவளுக்கே மறந்துபோச்சுன்னு வெளிய சொல்ல முடியுமா? உங்ககிட்டகூடச் சொல்லல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்னைக் கூட்டிட்டுப் போங்க."

சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்குப் போனார்கள். கஸ்தூரி கல்யாண வீட்டுக்குப் போவது போலப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள், தலையில் பூ. பேய்ப்படத்துக்குப் பட்டுப்புடவையில் வந்த ஒரே பெண்மணி அவளாகத்தான் இருப்பாள். டிக்கெட் கிழிக்கிற பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவள் கண்டுகொள்ளவில்லை. உட்கார்ந்ததிலிருந்து, "இப்பவா? இப்பவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "வரும், சொல்றேன்" என்றார் கனகராஜ்.

கதவு தட்டுகிற சத்தம் வந்தது. திரை கறுத்தது. "இப்பத்தான்" என்று அவள் காதில் சொன்னார்.

"அம்மா... பசிக்குதும்மா. கதவத் தொறங்கம்மா."

அது ஷர்மினி இல்லை.

சுத்தமான குரல். பல் எல்லாம் இருக்கிற, நன்றாகப் பயிற்சி கொடுத்த, வேறு எந்த வீட்டுப் பிள்ளையோ பேசுகிற குரல். ஏதோ கோளாறு, அடுத்த இடத்தில் சரியாக வரும் என்று கனகராஜ் நம்பினார். அடுத்த இடத்திலும் அதே வேற்றுப் பிள்ளைதான் வந்தது. இதைக் கஸ்தூரியிடம் எப்படிச் சொல்வது என்று திரும்பிப் பார்த்தார்.

கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். உடம்பெல்லாம் குலுங்கியது. திரையைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி, "வந்துட்டேன்டா, வந்துட்டேன்டா" என்று முனகினாள். இருட்டில் அவர் கையைத் தேடிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். மகள் போன பிறகு அவளாக அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

படம் முடிந்து அவள் முகம் கழுவப் போனபோது கனகராஜ் ஃபோனை எடுத்து, சில நாளாகப் பார்க்காமல் விட்டிருந்த பக்கத்தைத் திறந்தார். படக் கம்பெனியின் அறிவிப்பு முதலிலேயே கிடந்தது. பார்வையாளர்களின் கருத்துக்கும் மனவருத்தத்துக்கும் மதிப்புக் கொடுத்து, மறைந்த குழந்தையின் குரலை எடுத்துவிட்டார்களாம். நேற்றிலிருந்து புதுக் குரலாம். 'நல்ல முடிவு', 'இப்பதான் நிம்மதி', 'புதுப் பாப்பா சூப்பர்' என்று கீழே வாழ்த்து மழை. திருச்செல்வத்துக்கு, 'அக்காவிடம் எதுவும் சொல்லாதே, கெஞ்சிக் கேட்கிறேன்' என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு ஃபோனைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

கீழே சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற பக்கம் போய் உட்கார்ந்தார்கள். இழுத்து ஆற்றிய தே தாரேக் வந்தது. கஸ்தூரியின் முகம் வீங்கியிருந்தது, ஆனாலும் அதில் ஒரு தெளிவு இருந்தது. பழைய கஸ்தூரியின் முகம்.

"அப்படியே இருக்குங்க. கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்துருச்சு. பல்லு விழுந்த எடத்துல காத்து போகுமே, அதுகூடக் கேட்டுச்சுல்ல?"

கனகராஜ் டீயைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆமா. கேட்டுச்சு."

"உங்களை ரொம்பப் பேசிட்டேங்க இத்தனை வருஷமும். வாயால பேசினது கொஞ்சம், மனசுக்குள்ள பேசினதுதான் நெறைய. என் பிள்ளையைக் கொண்டுபோய்க் கொன்னுட்டாருன்னே நெனச்சேன்." அவள் அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள். "நீங்க அன்னிக்குக் கூட்டிட்டுப் போகலைன்னா இன்னிக்கு எனக்கு அவ கொரல் ஏது? அது பேய் வேஷம் இல்லீங்க. எனக்காகத்தான் அங்க பேசி வச்சுட்டுப் போயிருக்கா. மன்னிச்சிருங்க."

இந்த வார்த்தைக்காக அவர் பாதி ஆயுள் காத்திருந்தார். மழைக்காலம் வரும்போதெல்லாம், மகளுடைய வயசுப் பெண்கள் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம், இந்த ஒரு வார்த்தை வராதா என்று ஏங்கியிருக்கிறார். வந்துவிட்டது. வாங்கிக்கொள்ள முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு மகளும் போவாள், அவரும் போவார். சொல்லாவிட்டால் மகள் என்று நினைத்து யாரோ ஒரு பிள்ளையை அவள் நெஞ்சில் வைத்துக்கொள்வாள். யோசித்துப் பார்க்கையில் அவருக்கே பயமாக இருந்தது. தன் காதில் இருக்கிற குரல் எத்தனை நாளைக்கு நிற்கும்? இந்தப் புதுக் குரல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால்?

"டீயைக் குடி, ஆறுது" என்றார்.

"அந்தக் கருத்து எழுதறாங்களே, நானும் எழுதணும்ங்க. தம்பி சொன்னான், என்னென்னவோ அசிங்கமாப் போட்டிருக்காங்களாம். நல்லா இருக்குன்னு பெத்தவ ஒருத்தி சொல்ல வேணாமா? நான் சொல்றேன், நீங்க அடிங்க."

"எதுக்குக் கஸ்தூரி..."

"அடிங்க. பேரு போட வேணாம். பாப்பா கொரல் ரொம்ப நல்லா இருக்கு. எனக்குப் பயமே வரல. கூப்பிடுற மாதிரியே இருந்துச்சு. இன்னும் கேக்கணும் போல இருக்கு. யாரும் திட்டாதீங்க. இப்படிக்கு ஒரு அம்மா."

அவர் தன் பேர் தெரியாதபடி வைத்துவிட்டு அடித்தார். ஒரு எழுத்தையும் விடவில்லை, கூட்டவும் இல்லை. 'அனுப்பிட்டீங்களா?' என்பது போல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறிவிப்புக்குக் கீழேயே, அத்தனை வாழ்த்துக்கும் நடுவில் போய் அதுவும் உட்கார்ந்தது.

டீ முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. கஸ்தூரி மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை. "என்னங்க, யாராவது ஏதாவது போட்டாங்களா?" என்று ஆவலாக எட்டிப் பார்த்தாள்.

கனகராஜ் படித்தார். 'ரொம்ப நன்றி அக்கா. எங்க மகளுக்கு இதுதான் முதல் டப்பிங். பயந்துகிட்டே இருந்தா, யாருக்கும் பிடிக்காதோன்னு. நீங்க எழுதினத அவளுக்குப் படிச்சுக் காட்டினேன், குதிக்கிறா. நீங்க நல்லா இருக்கணும் அக்கா.'

"சொல்லுங்களேன்."

"ஒரு பொம்பளைதான்" என்றார். "பாப்பாவைப் பத்தி நீ சொன்னது ரொம்பச் சந்தோஷமாம். உனக்கு நன்றி சொல்றாங்க."

கஸ்தூரி தலையாட்டினாள். "பாத்தீங்களா, நல்ல மனுஷங்களும் இருக்காங்க" என்று சொல்லிப் பூவைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, அடுத்த காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.